காலாவதியாகாத கணக்கு: அமெரிக்காவின் எச்.எஸ்.ஏ.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு ஆண்டு முடிவதற்குள் ஒரு வேலை காத்திருக்கும். அடுத்த ஆண்டுக்கான மருத்துவக் காப்பீட்டைத் தேர்ந்தெடுக்க நிறுவனம் இரண்டு மூன்று வாரம் அவகாசம் கொடுக்கும். கடைசி நாள் இரவு, குழந்தைகள் தூங்கிய பிறகு கணினியைத் திறந்து, சென்ற ஆண்டு எடுத்த திட்டத்தையே மறுபடியும் அழுத்திவிட்டுப் படுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். அந்தப் பட்டியலில் ஏதோ ஒரு வரியில் 'எச்.எஸ்.ஏ. தகுதியுள்ள திட்டம்' என்று இருக்கும். மாதப் பிரீமியம் குறைவு, டிடக்டிபிள், அதாவது காப்பீட்டு நிறுவனம் செலவில் பங்கெடுக்கத் தொடங்குவதற்கு முன் நாம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை, அதிகம். டிடக்டிபிள் என்ற தொகையைப் பார்த்ததும் பயந்து விலகுகிறவர்கள் உண்டு. பிரீமியத்தை மட்டும் பார்த்து எடுத்துக்கொண்டு, கூடவே வரும் சேமிப்புக் கணக்கில் ஒரு டாலரும் போடாமல் விடுகிறவர்களும் உண்டு. இந்த இரண்டாமவர்களைப் பார்த்தால்தான் எனக்கு அதிக வருத்தம். கசப்பு மருந்தை மட்டும் விழுங்கிவிட்டு, அதனோடு கொடுத்த தேனை மேசையிலேயே விட்டு வந்தவர்கள் அவர்கள்.

எச்.எஸ்.ஏ. என்பது ஹெல்த் சேவிங்ஸ் அக்கவுன்ட், அதாவது மருத்துவச் செலவுக்கென்று தனியாகத் திறக்கும் சேமிப்புக் கணக்கு. யார் வேண்டுமானாலும் திறந்து பணம் போட முடியாது. டிடக்டிபிள் உயர்ந்த, சட்டம் வரையறுத்த ஒரு வகைக் காப்பீடு உங்களுக்கு இருக்க வேண்டும். 2026-ஆம் ஆண்டுக்கு அந்த டிடக்டிபிள் பொதுவாகத் தனிநபருக்குக் குறைந்தது 1,700 டாலர், குடும்பத்துக்கு 3,400 டாலர் இருந்தால்தான் எச்.எஸ்.ஏ. தகுதி கிடைக்கும். ஆண்டு முழுவதும் உங்கள் கையிலிருந்து போகக்கூடிய மொத்தத்துக்கும் உச்சவரம்பு உண்டு: தனிநபருக்கு 8,500, குடும்பத்துக்கு 17,000. டிடக்டிபிள் உயர்ந்த திட்டங்கள் எல்லாமே தகுதி பெற்றுவிடாது. தடுப்பு மருத்துவம் போன்ற சில விலக்குகளைத் தவிர, டிடக்டிபிள் தீருமுன்பே சாதாரண மருத்துவர் வருகைக்குக் காப்பீடு பணம் கொடுக்கும் திட்டமாக இருந்தால் தகுதி போய்விடும். ஆகவே திட்ட விவரத்தில் 'எச்.எஸ்.ஏ. தகுதியுள்ளது' என்று இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், அதன் பலமும் பலவீனமும் சேர்ந்தே புரியும். செலவு முழுவதையும் காப்பீடு கட்டினால் மக்கள் விலையைப் பாராமல் மருத்துவச் சேவையைப் பயன்படுத்துவார்கள், சொந்தப் பணம் என்றால் யோசித்துச் செலவழிப்பார்கள் என்பது சில பொருளாதார அறிஞர்களின் வாதம். சிங்கப்பூர் 1984-இலேயே மெடிசேவ் என்ற பெயரில் சம்பளத்தின் ஒரு பகுதியை மருத்துவச் சேமிப்பாகப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் 1996-இல் ஒரு வெள்ளோட்டம் நடந்தது. டெக்சாஸைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் பில் ஆர்ச்சர் பெயரால் அறியப்பட்ட அந்தக் கணக்கு சிறு நிறுவன ஊழியர்களுக்கும் சுயதொழில் செய்வோருக்கும் மட்டுமே கிடைத்தது. அதிகம் பேர் சேரவில்லை. 2003 டிசம்பர் 8-ஆம் தேதி ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் சீர்திருத்தச் சட்டத்தில் இன்றைய எச்.எஸ்.ஏ. பிறந்தது. முதியோருக்கான மருந்துச் சலுகை பற்றிய சட்டம் அது. அதற்குள் ஓர் அத்தியாயமாக நுழைந்த இந்தக் கணக்கு 2004 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

வரிச் சலுகை மூன்று இடங்களில் கிடைக்கிறது. போடும் பணத்துக்கு வருமான வரி இல்லை. கணக்குக்குள் வளரும் வட்டிக்கும் ஆதாயத்துக்கும் வரி இல்லை. மருத்துவச் செலவுக்காக எடுக்கும்போதும் வரி இல்லை. ஓய்வூதியக் கணக்கான 401(கே)-வில்கூட உள்ளே போகும்போதோ வெளியே வரும்போதோ ஒருமுறை வரி கட்டியாக வேண்டும். மூன்று வாசலிலும் வரி கேட்காத கணக்கு அமெரிக்க வரிச் சட்டத்தில் வேறு ஒன்றைக் காண்பது அரிது. 2026-இல் தனிநபர் 4,400 டாலரும், குடும்பக் காப்பீடு உள்ளவர் 8,750 டாலரும் போடலாம். 55 வயது ஆனவர் இன்னும் 1,000 டாலர் சேர்க்கலாம். நிறுவனம் போடும் பணமும் இந்த வரம்புக்குள்தான் அடங்கும்.

சம்பளத்திலிருந்து பிடித்துப் போடுவதா, வங்கியிலிருந்து நாமே அனுப்புவதா என்பதில் ஒரு வேறுபாடு இருக்கிறது. சம்பளப் பிடித்தம் வழியாகப் போனால் சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்), மெடிகேர் வரிகளான 7.65 சதவீதமும் மிச்சமாகும். நாமாக அனுப்பினால் வருமான வரி மட்டும் ஆண்டுக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், இந்த 7.65 திரும்பாது. 22 சதவீத வரி அடுக்கில் இருக்கும் ஒரு குடும்பம் 8,750 டாலரையும் சம்பளம் வழியாகவே போட்டால், கூட்டரசு வரிகளில் மட்டும் ஏறத்தாழ 2,590 டாலர் மிச்சம். அத்தனையும் வேறு எந்த முயற்சியும் இல்லாமல் கிடைக்கும் பணம்.

கலிஃபோர்னியாவிலும் நியூ ஜெர்சியிலும் இருப்பவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். தமிழர்கள் திரளாக வாழும் இந்த இரண்டு மாநிலங்களும் எச்.எஸ்.ஏ. சலுகையை மாநில வரியில் ஏற்பதில்லை. போடும் தொகைக்கு மாநில வரி உண்டு. உள்ளே வளரும் வட்டிக்கும் ஈவுத்தொகைக்கும் ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். கூட்டரசுச் சலுகை முழுமையாக நிற்பதால் அங்கும் இது இலாபமான கணக்குத்தான், வரிப்படிவம் நிரப்பும்போது மறக்கக் கூடாது, அவ்வளவே.

இந்தக் கணக்கின் உயிர்நாடி என்று நான் கருதுவது வரிச் சலுகையை அல்ல, அதன் காலத்தை. பலர் இதை எஃப்.எஸ்.ஏ.வோடு குழப்பிக்கொள்கிறார்கள். எஃப்.எஸ்.ஏ. (ஃப்ளெக்சிபிள் ஸ்பெண்டிங் அக்கவுன்ட்) மருத்துவச் செலவுக்காகச் சம்பளத்திலிருந்து பிடிக்கும் வேறொரு கணக்கு, நிறுவனத்தின் கையில் இருப்பது. ஆண்டு முடிவில் ஒரு சிறு தொகையைத் தவிர மற்றது பறிபோகலாம். டிசம்பர் கடைசி வாரத்தில் தேவையில்லாத மூக்குக்கண்ணாடி வாங்க ஓடுவது அந்தக் கணக்குக்காரர்கள்தான். எச்.எஸ்.ஏ. உங்கள் பெயரில் உள்ள உங்கள் சொத்து. வேலை மாறினாலும், வேலை போனாலும், காப்பீட்டுத் திட்டத்தை மாற்றினாலும் பணம் அங்கேயே இருக்கும். தகுதி போன பிறகு புதிதாகப் போட முடியாதே தவிர, இருப்பதை எடுக்கத் தடையில்லை.

அதற்கும் மேலே ஒன்று உண்டு. மருத்துவச் செலவு செய்த ஆண்டிலேயே பணத்தை எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இன்று பல் மருத்துவருக்குச் சொந்தப் பணத்திலிருந்து 3,000 டாலர் கட்டிவிட்டு, ரசீதை வைத்துக்கொண்டு, 20 ஆண்டுகள் கழித்து அதே 3,000 டாலரை எச்.எஸ்.ஏ.விலிருந்து வரியின்றி எடுத்துக்கொள்ளலாம். இடையில் அந்தப் பணம் முதலீட்டில் இருந்து ஆண்டுக்குச் சராசரியாக 6 சதவீதம் வளர்ந்தது என்று வைத்துக்கொண்டால், 9,600 டாலர் ஆகியிருக்கும். 3,000 ரசீதுக்கு, மீதி அடுத்த மருத்துவச் செலவுகளுக்கு. வளர்ச்சிக்கு யாரும் உறுதி தர முடியாது. சந்தை இறங்கும் ஆண்டுகளும் வரும். ஆனால் காத்திருக்கும் உரிமை உங்களுடையது.

இதற்கு இரண்டு நிபந்தனைகள். முதலாவது, செலவு செய்த நாளுக்கு முன்பே கணக்கு திறந்திருக்க வேண்டும். திட்டம் ஜனவரியில் தொடங்கி, கணக்கை ஜூனில் திறந்தால், இடையில் வந்த பிப்ரவரி மாத அவசரச் சிகிச்சைச் செலவு சேராது. அதனால் தகுதி வந்த முதல் வாரத்திலேயே சிறு தொகை போட்டாவது கணக்கைத் திறந்துவிடுங்கள். இரண்டாவது, ரசீது. மருந்துக் கடையில் தரும் வெப்பத்தாள் ரசீது இரண்டு ஆண்டுகளில் வெள்ளைத் தாளாகிவிடும். நான் ஒரு காலணிப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தவற்றில் பாதி அப்படித்தான் வீணாயின. வாங்கிய அன்றே படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் விளக்க அறிக்கையோடு ஆண்டுவாரியாகச் சேமிப்பது நல்லது. அதே செலவை வேறு காப்பீட்டிலோ வரிக்கழிவிலோ ஏற்கெனவே கோரியிருக்கக் கூடாது.

கணக்கில் விழும் பணம் பெரும்பாலும் அற்ப வட்டியில் ரொக்கமாகவே கிடக்கும். முதலீடு செய்ய நாமாக உள்ளே போய் ஒரு நிதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிறுவனம் சேர்த்துவிடும் எச்.எஸ்.ஏ.வில் மாதக் கட்டணம் அதிகமாக இருந்தால், நிர்வாகிக்கு நிர்வாகி நேரடி மாற்றமாக வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் நாளைக்கே தேவைப்படும் பணத்தைப் பங்குச் சந்தையில் போடாதீர்கள். ஓராண்டு டிடக்டிபிள் அளவுக்கு ரொக்கமாக வைத்துவிட்டு மீதியை முதலீடு செய்வது என் பழக்கம்.

இந்தத் திட்டம் நமக்குப் பொருந்துமா என்பதைத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்கிட வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு. வழக்கமான திட்டத்தின் பிரீமியம் மாதம் 500 டாலர், டிடக்டிபிள் 1,000, அதற்கு மேல் உங்கள் பங்கு 20 சதவீதம். எச்.எஸ்.ஏ. திட்டத்தின் பிரீமியம் 300, டிடக்டிபிள் 4,000, நிறுவனம் கணக்கில் 1,000 போடுகிறது. மருத்துவரையே பார்க்காத ஆண்டில் எச்.எஸ்.ஏ. குடும்பத்துக்கு 3,400 டாலர் ஆதாயம். 4,000 டாலர் செலவு வந்த ஆண்டில் முதல் திட்டத்தில் கையிலிருந்து 1,600 போகும், இரண்டாவதில் 4,000 முழுதும் போகும். பிரீமிய மிச்சம் 2,400-ஐயும் நிறுவனத்தின் 1,000-ஐயும் கழித்தால் அப்போதும் எச்.எஸ்.ஏ. 1,000 டாலர் முன்னால் நிற்கிறது. எண்களை மாற்றினால் முடிவு தலைகீழாகவும் வரும். பிரீமிய வேறுபாடு மாதம் 50 டாலர்தான், நிறுவனம் ஒன்றும் போடுவதில்லை என்றால், செலவு அதிகமாகும் ஆண்டில் வழக்கமான திட்டமே நல்லது.

கணக்கு சாதகமாக வந்தாலும் இன்னொரு கேள்வி மீதம் இருக்கிறது. ஜனவரி மாதமே 4,000 டாலர் பில் வந்தால் கட்டக் கையில் பணம் இருக்கிறதா? புதிதாக வந்து வாடகைக்கும் கார் கடனுக்கும் ஊருக்கு அனுப்புவதற்குமே சம்பளம் சரியாகப் போகும் குடும்பத்துக்கு ஆண்டு முடிவில் வரும் இலாபம் ஆறுதல் தராது. பிரசவம் எதிர்பார்க்கும் ஆண்டு இன்னும் கவனம் கேட்பது. குடும்பத் திட்டங்களில், ஒருவரின் செலவு ஒரு தனி வரம்பைத் தொட்டதும் காப்பீடு தொடங்குமா, அல்லது குடும்ப டிடக்டிபிள் முழுவதும் தீர்ந்தபின்தானா என்று திட்டக் கையேட்டில் தேடிப் படியுங்கள். கர்ப்பம் ஓர் ஆண்டில் தொடங்கிப் பிரசவம் அடுத்த ஆண்டில் வந்தால் இரண்டு டிடக்டிபிள் கட்ட நேரும்.

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் நடக்கும் தவறு ஒன்று. கணவர் எச்.எஸ்.ஏ.வில் பணம் போடுவார். மனைவி தன் அலுவலகத்தில் வழக்கமான மருத்துவ எஃப்.எஸ்.ஏ.வில் சேர்ந்திருப்பார். அந்த எஃப்.எஸ்.ஏ. கணவரின் செலவுக்கும் பயன்படும் என்பதால், அவருடைய எச்.எஸ்.ஏ. தகுதியே போய்விடும். தகுதியில்லாமல் போட்ட பணத்துக்கு, அதைத் திரும்ப எடுக்கும்வரை ஆண்டுக்கு 6 சதவீத அபராத வரி. பல், கண் செலவுகளுக்கு மட்டுமான வரையறுக்கப்பட்ட எஃப்.எஸ்.ஏ. என்றால் சிக்கல் இல்லை. கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிள்ளை 26 வயது வரை பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம். ஆனால் வரிக்கணக்கில் அவர் உங்களைச் சார்ந்தவர் இல்லையென்றால் அவர் செலவுக்கு உங்கள் எச்.எஸ்.ஏ.வைத் தொடக் கூடாது. அவரே தனியாக ஒன்று திறந்து, குடும்ப வரம்பு முழுவதையும் போட்டுக்கொள்ளலாம். அந்தப் பணத்தை நீங்களே கொடுத்தாலும் சட்டம் தடுக்காது.

ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கும் அம்மா அப்பாவுக்கு இதிலிருந்து செலவழிக்கலாமா என்று கேட்காத தமிழ் வீடு இல்லை. பொதுவாக முடியாது. சுற்றுலா விசாவில் வந்த பெற்றோர் வரிச் சட்டப்படி சார்ந்தோர் ஆவதில்லை, நாம்தான் அவர்களுக்குச் சோறு போடுகிறோம் என்றாலும்கூட. அவர்களுக்குத் தனியாகப் பயணக் காப்பீடு எடுப்பதுதான் வழி. பிழையாக எடுத்த பணத்துக்கு வருமான வரியோடு 20 சதவீத அபராதமும் சேரும்.

மறுபக்கம், நாம் ஊருக்குப் போகும்போது அங்கே செய்துகொள்ளும் சிகிச்சை சேரும். சென்னையிலோ மதுரையிலோ பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்தாலும், கண்ணாடி மாற்றினாலும், அது அமெரிக்காவில் ஏற்கப்படும் வகை மருத்துவச் செலவாக இருந்தால் எச்.எஸ்.ஏ.விலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மருத்துவர் பெயரும் சிகிச்சை விவரமும் தேதியும் உள்ள ரசீது வாங்கி, அன்றைய டாலர் மதிப்பைக் குறித்து வையுங்கள். விடுமுறைக்குப் போன விமானக் கட்டணம் சேராது. அங்கிருந்து பெட்டியில் கொண்டுவரும் மருந்துகளும் பொதுவாகச் சேராது. இங்கே மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் காய்ச்சல், ஒவ்வாமை மாத்திரைகளும் மாதவிடாய்ப் பொருட்களும் 2020 முதல் சேர்கின்றன. வைட்டமின், உடற்பயிற்சிக் கூடம், பற்களை வெண்மையாக்குவது போன்றவை சாதாரணமாகச் சேரா.

இனி எனக்கு இந்தக் கணக்கைப் பற்றி உள்ள பெருங்கவலை. சொந்தப் பணம் என்றால் மக்கள் யோசித்துச் செலவழிப்பார்கள் என்ற வாதத்தை ரேண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 1974 முதல் 1982 வரை ஆயிரக்கணக்கான குடும்பங்களிடம் சோதித்துப் பார்த்தது. கையிலிருந்து கட்ட வேண்டியவர்கள் மருத்துவத்தைக் குறைத்துக்கொண்டது உண்மை. ஆனால் தேவையற்றதையும் தேவையானதையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைத்தார்கள். எது தள்ளிப்போடக் கூடியது, எது கூடாது என்று நோயாளிக்குத் தெரிவதில்லை. இரவில் நெஞ்சு இறுகும்போது, 'டிடக்டிபிள் இன்னும் தீரவில்லையே, காலையில் பார்க்கலாம்' என்று நினைக்க வைக்கும் திட்டம் எத்தனை டாலர் மிச்சம் பிடித்தாலும் எனக்கு வேண்டாம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இதய நோயும் நம் குடும்பங்களில் அதிகம். முதலீடு வளரட்டும் என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவது இந்தக் கணக்கைத் தவறாகப் புரிந்துகொண்டதன் அடையாளம்.

சட்டமே இதற்குச் சில கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. ஆண்டு உடல் பரிசோதனை, தடுப்பூசிகள், மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை, குடல் புற்றுநோய்ப் பரிசோதனை போன்ற தடுப்பு மருத்துவத்துக்கு டிடக்டிபிள் கிடையாது, கட்டணமும் கிடையாது. 2019-இல் வரித்துறை இன்னும் ஒரு பட்டியலை வெளியிட்டது. சர்க்கரை நோயாளிக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனை, விழித்திரைப் பரிசோதனை, இரத்தச் சர்க்கரை அளக்கும் கருவி, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்து, இரத்த அழுத்தக்காரருக்கு அதை அளக்கும் கருவி, ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் ஆகியவற்றுக்கு டிடக்டிபிள் தீருமுன்பே காப்பீடு பணம் கொடுத்தாலும் எச்.எஸ்.ஏ. தகுதி கெடாது என்றது. இது அனுமதிதான், கட்டாயம் இல்லை. ஆகவே உங்கள் திட்டம் அதைக் கொடுக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான சட்டம், அரசு ஏற்படுத்திய காப்பீட்டுச் சந்தையில் விற்கப்படும், பிரீமியம் குறைந்த 'வெண்கல' வகைத் திட்டங்களையும் 2026 முதல் எச்.எஸ்.ஏ. தகுதிக்குள் கொண்டுவந்துவிட்டது. சொந்தமாகத் தொழில் செய்து சந்தையில் காப்பீடு வாங்குகிறவர்களுக்கு இது நல்ல செய்தி.

65 வயதில் விதிகள் மாறுகின்றன. அதன்பின் வேறு எதற்காக எடுத்தாலும் 20 சதவீத அபராதம் இல்லை, வருமான வரி மட்டும்தான். மெடிகேர் பிரீமியத்தையும் இதிலிருந்து கட்டலாம், அதற்கு மேல் தனியாரிடம் வாங்கும் துணைக் காப்பீடான மெடிகேப் மட்டும் விலக்கு. மெடிகேரில் சேர்ந்த பிறகு புதிதாகப் பணம் போட முடியாது. 65-ஐத் தாண்டியும் வேலை செய்து, பிறகு விண்ணப்பிக்கிறவர்களுக்கு மெடிகேரின் ஏ பகுதி (மருத்துவமனைச் செலவுக்கானது) ஆறு மாதம் வரை முன்தேதியிட்டுத் தொடங்கும். ஆகவே விண்ணப்பிக்க ஆறு மாதம் இருக்கும்போதே போடுவதை நிறுத்திவிட வேண்டும்.

இந்தியாவுக்கே திரும்பிவிடுகிறவர்களும் கணக்கை மூட வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் செய்யும் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கும் அந்தப் பணம் உதவும். ஆனால் அமெரிக்க விதி தரும் வரிவிலக்கு இந்திய வரித்துறையைக் கட்டுப்படுத்தாது. இந்தியாவில் முழு வசிப்பாளராக ஆன பிறகு வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் இதைக் காட்ட வேண்டும். விமானம் ஏறுமுன் இரு நாட்டு வரியும் தெரிந்த கணக்காளர் ஒருவரைப் பார்த்துவிடுவது நல்லது.

கணக்கின் இணையப் பக்கத்தில் வாரிசு நியமனம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. கணவனோ மனைவியோ வாரிசானால் கணக்கு அப்படியே அவருடைய எச்.எஸ்.ஏ. ஆகிவிடும், வரி இல்லை. வேறு யார் பெயர் இருந்தாலும் கணக்கு அன்றோடு முடிந்து, முழுத் தொகையும் அவருக்கு அந்த ஒரே ஆண்டின் வருமானமாகக் கணக்கிடப்படும். திருமணத்துக்கு முன் முதல் வேலையில் கணக்குத் திறந்தவர்கள் பலர் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டிருப்பார்கள், அல்லது காலியாக விட்டிருப்பார்கள். இன்றைக்கே திறந்து பாருங்கள்.